ஆவாரங்குச்சியும் மைக்ரோவேவும்

ஊத்தங்கரைப் பக்கம் வேலியோர ஆவாரை இப்போது பொங்கலுக்குக் காப்புக் கட்டத்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் இந்தச் சீமையில் அது எஃகு செய்யும் சரக்கு.

1830களில் இந்த ஊரெல்லாம் சேலம் ஜில்லா. அங்கே கொல்லர்கள் செய்த வேலையை ஜே. எம். ஹீத் என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார். சின்ன மண்மூசை, அதாவது இரும்பு உருக்கும் குப்பி. அதற்குள் ஒரு ராத்தலுக்கு மிகாத இரும்பு, அந்த எடையில் பத்தில் ஒரு பங்கு பொடியாக நறுக்கிய காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை. களிமண்ணால் வாயை அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை உலையில் அடுக்கி, கரி கொட்டி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊத வேண்டும். குச்சி கரியாகும், கரி இரும்பில் இறங்கும். அதுதான் உலகம் தேடி வாங்கிய உக்கு எஃகு. அந்த வகை எஃகில் அடித்த 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றை 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். உள்ளே இரும்பு கார்பைட் நானோ கம்பிகள் இருந்தன! படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

உலோகத்தோடு கரி சேர்க்கும் அந்த வித்தை இன்றும் தொடர்கிறது. இங்கிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் சி.என்.சி. மெஷினில் மாட்டுவது டங்ஸ்டன் கார்பைட் இன்சர்ட் என்னும் வெட்டுமுனை. அதற்கான பொடியை, டங்ஸ்டனையும் கரியையும் கலந்து 1,400 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் சூடேற்றித்தான் வழக்கமாகச் செய்கிறார்கள். நேரம் நீள நீளத் துகள் பருத்துவிடும். துகள் நுண்ணியதாக இருந்தால்தான் வெட்டுமுனை கெட்டிப்படும்.

இதற்கு ஒரு வழி பக்கத்துப் பெங்களூரிலேயே பிறந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் கே. ஜே. ராவ் குழுவினர், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பிலேயே சிலிக்கன் கார்பைட் பொடி செய்து 1994இல் வெளியிட்டார்கள். மணிக்கணக்கான வேலை நிமிடங்களில் முடிந்தது. கரி மைக்ரோவேவை நன்றாக உறிஞ்சும். சூடு வெளியிலிருந்து வராமல் கரிக்குள்ளேயே பிறக்கும். துகள் பருக்க நேரமில்லை. இதே முறையில் உலோகக் கார்பைட் நானோ பொடிகளையும் செய்கிறார்கள். ஆனால் கலவை முழுக்கச் சூடு ஒரே சீராகப் பரவாது; டன் கணக்கில் செய்யும்போது அதுதான் பெரிய சிக்கல். நம் பொறியியல் மாணவர்கள் கை வைக்க வேண்டிய இடமும் அதுதான்.

மறுபடி பழைய இரும்புக்கு வருவோம். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். இந்த மண்ணில் இரும்பு அவ்வளவு பழையது. அதனால் ஒரு வேண்டுகோள். உழும்போது கனத்த கருஞ்சிட்டமோ சுட்ட மூசைத் துண்டோ தட்டுப்பட்டால் வரப்பில் வீசிவிடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள்.