தாத்தாவோட தாத்தா பேரு தெரியுமா? சென்னை சர்ச் பதிவேடுகளில் தேடுவது எப்படி?

தாத்தா பேரு எல்லாருக்கும் தெரியும். அவரோட தாத்தா பேரைக் கேட்டால் பலரும் யோசிப்போம். சாந்தோம், மயிலாப்பூர், தேனாம்பேட்டை பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் கிறிஸ்தவ, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு அந்த விடை பக்கத்து சர்ச்சிலேயே இருக்கலாம்.

சென்சஸ்ல பார்க்க முடியாதா?

பிரிட்டனில் முடியும். அங்கே கார்ன்வால் மாதிரி ஊர்களில் பூர்வீகம் தேடுபவர்கள் முதலில் பார்ப்பதே சென்சஸைத்தான். 100 ஆண்டு கழிந்ததும் வீட்டு வாரியான விவரங்கள் வெளியிடப்படும். 1921 கணக்கெடுப்பு 2022-ல் வெளியானது.

இங்கே நிலைமை வேறு. 1948 சென்சஸ் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, தனிநபர் விவரங்களை யாரும் பார்வையிட முடியாது. அதனால் சர்ச் பதிவேடுகள்தான் பெரிய துணை.

எவ்வளவு பழைய பதிவுகள்?

கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் பதிவுகள் 1680-ல் தொடங்குகின்றன. அந்த வருஷம் எலிஹு யேல் திருமணம், 1753-ல் ராபர்ட் கிளைவ் திருமணம் இரண்டும் நடந்தது இங்கேதான்.

சென்னை ராஜதானி சர்ச்சுகளின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, ஆன்லைனிலும் தேடலாம். அதில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களே அதிகம். மற்றவர்கள் உள்ளூர் சர்ச்சில்தான் கேட்கணும்.

எங்கே தொடங்குவது?

தெரிந்தவரிடமிருந்து பின்னோக்கிப் போகணும். முதலில் தாத்தா, பாட்டியின் திருமணப் பதிவைத் தேடுங்கள். பெரும்பாலும் அதில் மணமக்கள் இருவரின் அப்பா பேரும் இருக்கும். ஒரே பதிவில் இரண்டு குடும்பங்களும் ஒரு தலைமுறை பின்னால் போய்விடும். அடுத்து அந்த அப்பாக்களின் ஞானஸ்நானப் பதிவு.

எந்த சர்ச்?

பலர் தடுமாறுவது இங்கேதான். ஆங்கிலிக்கன், வெஸ்லியன் மெத்தடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் 1947-ல் இணைந்து சிஎஸ்ஐ ஆனது. அந்த விழா நடந்ததே கதீட்ரல் ரோடு புனித ஜார்ஜ் பேராலயத்தில்தான். அதனால் 'நாங்க வெஸ்லியன்'னு பெரியவர்கள் சொல்லியிருந்தால், இப்போது சிஎஸ்ஐ ஆலயத்தில் விசாரிக்கணும்.

கத்தோலிக்கர்களுக்கு 1952 வரை ஒரே ஊரில் இரண்டு நிர்வாகங்கள்: மெட்ராஸ் ஒன்று, 1606-ல் உருவான மயிலாப்பூர் இன்னொன்று. எந்தப் பங்கு என்று தெரிந்துகொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

பேரு கிடைக்கலைன்னா?

தமிழ்ப் பேரிலேயே தேடாதீங்க. கத்தோலிக்கப் பதிவேடுகள் பல லத்தீனில் எழுதப்பட்டவை. ராயப்பன் என்பவர் 'பெத்ருஸ்' என்றும், சின்னப்பன் 'பவுலுஸ்' என்றும், சூசை 'ஜோசப்புஸ்' என்றும் இருக்கலாம். ஆங்கிலப் பதிவுகளில் எழுத்துக்கூட்டலையும் மாற்றிப் பாருங்கள்.

பதிவேட்டில் இல்லாதது எது?

பெரும்பாலும் பெண்களின் பூர்வீகம். பழைய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் அப்பாவின் பேரு, வேலை எல்லாம் இருக்கும். இந்தியத் தாய்க்கோ ஞானஸ்நானப் பேரு மட்டும் இருக்கும். சில பதிவுகளில் அதுவும் இருக்காது. அவர் எந்த ஊர், யார் மகள் என்பது எந்தக் காகிதத்திலும் கிடைக்காமல் போகலாம்.

அந்த விவரம் மிஞ்சியிருந்தால் அது வீட்டுப் பெரியவர்களின் நினைவில்தான். எனவே சர்ச்சுக்குப் போகும் முன் பாட்டியிடம் உட்கார்ந்து அவங்க அம்மா பேரு, அம்மாவோட அம்மா பேரு, பிறந்த ஊர் மூன்றையும் கேட்டு, போனில் ரெக்கார்டு பண்ணிடுங்க. பதிவேட்டை அடுத்த வருஷம்கூடப் பார்க்கலாம்.