ஒன்பது பாகையில் நிற்கும் தொலைகாட்டிக்கு ஒரு போல்ட்

கிளிநொச்சி நகரம் வட அகலக்கோடு 9.4 பாகையில் இருக்கிறது. முல்லைத்தீவு 9.3 பாகையிலும் வவுனியா 8.75 பாகையிலும் இருக்கின்றன. வானத்தைப் பார்க்கிறவருக்கு இந்த எண்கள் பெரிய கொடை. தென்துருவத்தைச் சுற்றிய சிறு வட்டம் தவிர, மிச்ச வானம் முழுவதும் ஆண்டின் ஏதோ ஓர் இரவில் வன்னிக்கு மேலே வந்து போகும். அகத்தியர் நட்சத்திரம் மாசி மாத முன்னிரவில் தெற்கே நல்ல உயரத்தில் நிற்கும். தென்சிலுவை, ஒமேகா சென்டோரி என்ற பெரும் நட்சத்திரத் திரள், அடிவானத்துக்குச் சற்று மேலே பெரிய மகெல்லன் முகில் எல்லாம் இங்கிருந்து தெரியும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் நம் உறவுகள் தங்கள் ஊரில் நின்றபடி இவற்றில் ஒன்றையும் காணமுடியாது.

ஆனால் அதே ஒன்பது பாகைதான் தொலைகாட்டியின் தாங்கியில் இருக்கும் ஒரு போல்ட்டைப் பாடுபடுத்துகிறது. வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பப்படும் ஒரு நல்ல தொலைகாட்டி, கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லாமல், இரண்டு போல்ட் வளைந்த காரணத்துக்காகப் பாடசாலை அலுமாரியில் முடங்கலாம். அந்தப் போல்ட்டைக் கடல் கடந்து வரவழைக்கத் தேவையில்லை. எங்கள் ஊர்க் கடைசல் பட்டறையில் அதைவிடச் சிறந்த ஒன்றைச் செய்யலாம்.

முதலில் அந்தப் போல்ட்டுக்கு என்ன வேலை என்று பார்ப்போம். பூமி சுழல்வதால் வானம் கிழக்கிலிருந்து மேற்கே நகர்கிறது. ஒரு கோளைத் தொடர்ந்து பார்க்கவும் படமெடுக்கவும் தொலைகாட்டி அதே வேகத்தில் பூமியின் சுழற்சிக்கு எதிராகச் சுழலவேண்டும். மத்தியகோட்டுத் தாங்கி இதை ஒரே அச்சில் செய்துமுடிக்கும். நிபந்தனை ஒன்றுதான்: அந்த அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும். அப்படியென்றால் அது வடக்கே நோக்கி, உங்கள் ஊரின் அகலக்கோட்டு அளவுக்கு நிமிர்ந்து நிற்கவேண்டும். லண்டனில் 51.5 பாகை நிமிரும் அச்சு, கிளிநொச்சியில் ஏறத்தாழப் படுத்துவிடுகிறது. அச்சு ஒரு பாகை பிசகினால், பார்க்கும் பொருள் மணிக்கு 15 கலைக்கு மேல் விலகிப் போகலாம். அது முழுநிலவின் அகலத்தில் பாதி. அந்தப் பிசகைத் திருத்துவதற்காகத்தான் தாங்கியின் தலைக்கு வடக்கும் தெற்குமாக இரண்டு உயரப் போல்ட்டுகளும், இடம் வலமாக இரண்டு திசைப் போல்ட்டுகளும் வைத்திருக்கிறார்கள்.

இந்த வகைத் தாங்கியை ஜேர்மன் தாங்கி என்பார்கள். ஜோசப் பிரவுன்ஹோபர் மியூனிக்கில் செய்து, 1824இல் டோர்பாட் நகரில், அதாவது இன்றைய எஸ்தோனியாவின் தார்ட்டுவில், நிறுவப்பட்ட பெரிய தொலைகாட்டியில்தான் அது புகழ்பெற்றது. டோர்பாட்டின் அகலக்கோடு 58 பாகைக்குச் சற்று மேல். அங்கே அச்சு நன்றாக நிமிர்ந்திருப்பதால் தொலைகாட்டியின் பாரம் பெரும்பாலும் தூணின் மேலேயே இறங்கும். அச்சு சாயச் சாயப் பாரம் வடக்கே தொங்கத் தொடங்கும். தாங்கியின் தலை நிமிர்ந்து சாயும் சுழலிடத்தைப் பற்றிய திருப்பம் அகலக்கோட்டின் கோசைனுக்கு விகிதசமம் என்று உயர்தர மாணவர் ஒருவர் உடனே எழுதிக் காட்டுவார். கணக்குப் போட்டால் கிளிநொச்சியில் அந்தத் திருப்பம் லண்டனைப் போல 1.6 மடங்கு, டோர்பாட்டைப் போல 1.9 மடங்கு. வடபுறம் கீழே விழப் பார்க்க, சுழலிடத்துக்குக் கீழே, இரு உயரப் போல்ட்டுகளுக்கும் நடுவிலுள்ள நாக்கு தெற்கே தள்ளும். அந்தத் தள்ளல் முழுவதையும் தெற்குப் போல்ட் தாங்கும்.

பெரிய ஆய்வுகூடங்கள் இதற்கு வேறு வழி கண்டன. தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையோரம் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீற்றர் வைணு பாப்பு தொலைகாட்டி 12.6 பாகையில் நிற்கிறது. அதன் அச்சை ஒரு முனையில் தொங்கவிடாமல், வடக்கே குதிரை லாட வடிவான பெரிய தாங்கு வளையமும் தெற்கே இன்னொரு தாங்கலும் வைத்து இரு பக்கமும் ஏந்தியிருக்கிறார்கள். முக்காலியில் தூக்கிச் செல்லும் சிறு தாங்கிக்கு அந்த வசதி கிடையாது. அது போல்ட்டையே நம்பியிருக்கிறது.

பாரம் கூடியதால்தான் போல்ட் வளைகிறது என்று நினைத்தால் பாதிதான் சரி. தலையும் குழாயும் சமன் எடைகளும் சேர்ந்து 20 கிலோ, பாரமையம் சுழலிடத்திலிருந்து 10 சதமமீற்றர், போல்ட் தொடும் இடம் 6 சதமமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். போல்ட்டின் மேல் வரும் விசை 320 நியூற்றன் அளவில் இருக்கும். 10 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு இது ஒரு சுமையே அல்ல. உண்மையான குற்றவாளி நமது கை. கைப்பிடியைப் பலமாகத் திருகி 10 நியூற்றன் மீற்றர் முறுக்கம் கொடுத்தால், நுனியில் 5,000 நியூற்றன், அதாவது ஏறத்தாழ அரைத் தொன் தள்ளுவிசை பிறக்கும். எதிர்ப் போல்ட்டைத் தளர்த்தாமல் திருகும்போது நடப்பது இதுதான். போதாக்குறைக்கு, நடு அகலக்கோடுகளுக்காக வடிவமைத்த பல தாங்கிகளில், அச்சு இந்தளவு சாயும்போது நாக்கு போல்ட்டுக்கு நேராக நிற்பதில்லை. நுனி சரிவில் மிதிக்கிறது. தள்ளுவிசையில் பத்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் திரும்பினாலே, 5 சதமமீற்றர் நீட்டியிருக்கும் போல்ட்டின் அடியில் 470 மெகாபஸ்கால் தகைப்பு வரும்.

அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். சாதாரண மெல்லுருக்குப் போல்ட், அதாவது 4.6 தரம், 240 மெகாபஸ்காலில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் 640 வரை தாங்கும். கறையில்லா உருக்கில் ஏ2-70 என்று எழுதியிருந்தால் 450. உழவு இயந்திரத்துக்கும் லான்ட்மாஸ்டருக்கும் பாகங்கள் விற்கும் கடையில் 8.8 போல்ட் சாதாரணமாகக் கிடைக்கும். ஒன்றின் விலை ஒரு சோற்றுப் பார்சலின் விலைக்குள் அடங்கும். தாங்கியோடு வந்த போல்ட்டில் தர எண் எதுவும் இல்லாவிட்டால் அதை நம்பவேண்டாம்.

வாங்குவதற்கு முன் மறையை அளக்கவேண்டும். வேணியரால் வெளிவிட்டத்தை எடுங்கள். பிறகு பத்து மறையின் நீளத்தை அளந்து பத்தால் வகுங்கள். 10 மில்லிமீற்றர் விட்டமும் 1.5 மில்லிமீற்றர் புரியிடையும் வந்தால் அது எம் 10. இங்கே ஒரு பொறி இருக்கிறது. எட்டில் மூன்று அங்குலப் போல்ட்டின் விட்டம் 9.5 மில்லிமீற்றர், புரியிடை 1.59. எம் 10 துளைக்குள் அது இரண்டு மூன்று சுற்று சுகமாக இறங்கி, பிறகு இறுகும். இறுகியபின்னும் சாவி போட்டால் தாங்கியின் அலுமினிய மறை உரிந்துவிடும். போல்ட் போனால் போல்ட் வாங்கலாம், தாங்கியின் உடம்பு போனால் துளையைப் பெருப்பித்து எம் 12க்கு மறை வெட்டவேண்டியிருக்கும். ஆகவே விரலால் மட்டும் திருகிப் பாருங்கள். விரலுக்கு இறங்காத போல்ட் அந்தத் துளைக்கு உரியதல்ல.

பழைய போல்ட்டை அப்படியே நகலெடுக்காதீர்கள் என்பதுதான் நான் வற்புறுத்திச் சொல்லவிரும்புவது. அது இந்த அகலக்கோட்டை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. தெற்குப் போல்ட், ஒன்பது பாகையில் நுனி நாக்கைத் தொடும்போது வெளியே எவ்வளவு குறைவாக நீட்டமுடியுமோ அவ்வளவு குறைவாக நீட்டட்டும். நீட்டம் பாதியானால் அடியில் வளைவும் பாதியாகும். வடக்குப் போல்ட்டின் கைப்பிடி, சில மாதிரிகளில் படுத்துவரும் அச்சுக்கூட்டில் போய் முட்டும். அங்கே கைப்பிடியே வேண்டாம். அலன் சாவி போடும் குழித்தலைப் போல்ட் ஒன்றைக் கட்டையாக வெட்டிப் போடலாம். வடக்குப் போல்ட் இங்கே பாரம் சுமப்பதில்லை, பூட்டாக மட்டும் நிற்கிறது.

நுனிக்குத்தான் கடைசல்காரரின் கை வேண்டும். போல்ட்டின் முனையில் 6 மில்லிமீற்றர் துளையிட்டு, பித்தளைத் துண்டு ஒன்றை இறுக்கமாக அடித்து, வெளியே தெரியும் பகுதியை அரைக்கோளமாகக் கடையச் சொல்லுங்கள். உருண்ட முனை சரிவிலும் வழுக்கி நகரும். பித்தளை தான் தேய்ந்து, அலுமினிய நாக்கைக் காப்பாற்றும். சைக்கிள் பின்சில்லின் கால் அங்குலக் குண்டைப் பதித்தும் செய்யலாம். அது மிக இலேசாக ஓடும். ஆனால் அந்தக் கடினக் குண்டு வார்ப்பு நாக்கில் குழி விழுத்தும், குழி விழுந்தபின் நுண்ணிய திருத்தம் நினைத்தபடி வராது. என் தெரிவு பித்தளைதான்.

கைப்பிடிக்கு போல்ட்டின் தலையைக் குறுக்கே துளைத்து ஒரு கம்பி செலுத்தினால் போதும். கம்பி நீளவேண்டாம். நீண்ட கம்பி கைக்கு அதிக பலத்தைக் கொடுக்கும், அந்தப் பலம்தான் வளைக்கிறது. பிளாஸ்ரிக் குமிழ்கள் எங்கள் வெயிலில் வெடிக்கின்றன. முல்லைத்தீவுக் கரையில் உப்புக்காற்று வேறு. அலுமினியத்துக்குள் உருக்கு நிற்கும் இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிபடும். மறை முழுவதும் கிறீஸ் பூசி வையுங்கள், கறையில்லா உருக்கென்றாலும் பூசுங்கள்.

இந்த வேலை வன்னிக்குப் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்கலம் வராது, பெற்றோல் வராது, உதிரிப்பாகம் வராது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலில் விளக்கெரித்துப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். பாகம் வராது என்ற நிச்சயத்தில் வளர்ந்த கைத்திறன் அது, அதைக் கற்ற கைகள் இன்றும் கராச்சுகளில் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு இப்போது கல்வி நிறுவனங்களும் துணை வரலாம். 2010 ஜனவரி 15இல் கங்கண சூரிய கிரகணம் வடக்கின் மேலாகப் போனபோது வன்னி மக்களில் பலர் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களில் இருந்தார்கள். 2019 டிசம்பர் 26 காலை அடுத்த கங்கணம் வடக்கைக் கடந்தபோது நிலைமை வேறு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் வந்துவிட்டிருந்தன. அதே பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. ஒரு மாவட்டத்தின் பாடசாலைத் தொலைகாட்டிகள் அனைத்துக்கும் போல்ட் கடைவது ஒரு மாணவர் குழுவின் செய்முறை வேலைக்குள் அடங்கும். அப்படி ஒரு வேலையை அவர்களிடம் கேட்டுப் போகவேண்டியது பாடசாலைகளின் பக்கம்.

பார்ப்பதற்கு மட்டும் என்றால் கையால் திருப்பும் டொப்சன் வகைத் தாங்கி நல்லது, அதற்கு இந்தப் போல்ட்டே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். சரிதான். ஆனால் நீண்டநேரப் படத்துக்கும், நாற்பது பிள்ளைகள் வரிசையில் வந்து ஒவ்வொருவராகச் சனியைப் பார்ப்பதற்கும், தானே தொடரும் தாங்கி வேண்டும்.

போல்ட் ஏறியபின் ஒழுங்குபடுத்தும் முறையும் இங்கே சற்று மாறும். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஒன்பது பாகையில் பனைமரத்துக்குப் பின்னால் நிற்கும். தெரிந்தாலும் அதன் ஒளி தலைக்கு மேலுள்ளதைவிட ஆறு மடங்கு காற்றைக் கடந்து மங்கித்தான் வரும். அதனால், நட்சத்திரம் கண்வில்லையில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து அச்சைத் திருத்தும் நகர்வு முறையே நம்பகமானது. மாசி, பங்குனியில் வாடைமழை ஓய்ந்து, சோளகம் இன்னும் எழாத தெளிந்த இரவுகள் இதற்கு வாய்ப்பானவை. ஓரையன் இடுப்புப்பட்டியின் மின்டாகா நட்சத்திரம் வான மத்தியகோட்டில் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. மாசி முன்னிரவில் அது உச்சிக்கருகே தெற்கு வடக்குக் கோட்டைக் கடக்கும்போது கண்வில்லையில் மேலோ கீழோ நகர்ந்தால் திசைப் போல்ட்டுகளைத் தொடுங்கள். பிறகு கிழக்கே தாழ்வாக, வான மத்தியகோட்டருகே இன்னொரு நட்சத்திரத்தைப் பிடியுங்கள். அது வடக்கோ தெற்கோ நகர்ந்தால் உயரப் போல்ட்டுகளைத் தொடவேண்டும். எம் 10 போல்ட்டின் ஒரு முழுச் சுற்று, 6 சதமமீற்றர் நாக்கில், அச்சை 1.4 பாகை அசைக்கும். எட்டில் ஒரு சுற்று 11 கலை. ஆகவே கடிகார முள் அளவுக்குத்தான் திருகல். ஒவ்வொரு முறையும் வடக்குப் போல்ட்டை முதலில் தளர்த்தி, ஒருவர் குழாயின் பாரத்தைக் கையால் ஏந்த, மற்றவர் தெற்குப் போல்ட்டைத் திருகட்டும். எப்போதும் கீழிருந்து மேலே தள்ளியே நிறுத்துங்கள்.

கடைசல் வேலையில் கூலியின் பெரும்பகுதி இயந்திரத்தை ஒழுங்குபடுத்தும் நேரத்துக்குத்தான் போகும். தெற்குப் போல்ட்டில் ஒன்று செய்யும்போதே மூன்றாகச் செய்து, விட்டம், புரியிடை, நீளம் மூன்றையும் தாங்கிப் பெட்டியின் மூடியில் பெயின்ற்றால் எழுதிவையுங்கள்.