தெலங்கானாவின் மாநில மலரான ஆவாரை: வீட்டில் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை
மெட்டுகுடா (ஹைதராபாத்): பதுகம்மா திருவிழா நாட்களில் மெட்டுகுடா போன்ற செகந்திராபாத் பகுதிகளில் பெண்கள் தாம்பாளத்தில் அடுக்கும் மஞ்சள் நிறத் 'தங்கேடு' பூ, தமிழர்கள் நன்கறிந்த ஆவாரம்பூவே ஆகும். தெலங்கானா உருவான 2014-ஆம் ஆண்டிலேயே இது மாநில மலராக அறிவிக்கப்பட்டது.

எவரும் விதைக்காமல், நீர் ஊற்றாமல், வறண்ட கரடுகளிலும் தரிசு நிலங்களிலும் தானே வளரும் புதர்ச்செடி இது. ஒன்பது நாள் நடைபெறும் பதுகம்மாவில் குனுகு, சாமந்தி ஆகிய பூக்களுடன் இதுவும் அடுக்கப்பட்டு, இறுதியில் நீர்நிலையில் விடப்படுகிறது. தமிழ்நாட்டிலோ, பொங்கலையொட்டி வேப்பிலை, சிறுபீளையுடன் சேர்த்து வீட்டு வாசலில் காப்புக் கட்டப் பயன்படுகிறது.

வழிபாட்டைக் காட்டிலும் பழைய பயன் தொழில் சார்ந்தது எனலாம். ஆவாரம் பட்டையில் துவர்ப்புப் பொருளான டானின் மிகுந்துள்ளது. சென்னை மாகாணத்துத் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் இப்பட்டையையே நம்பியிருந்தது. வாட்டில் மரப்பட்டை இறக்குமதியான பிறகே அதன் தேவை குறைந்தது. உழவர்கள் இதன் தழையை நெல் வயலில் மிதித்து உரமாக்கினர்.

வீடுகளில் நிழலில் உலர்த்திய பூவைப் பயத்தமாவுடன் அரைத்துக் குளியல் பொடியாகப் பயன்படுத்துவது இன்றும் தொடர்கிறது. பூவைக் கொதிக்க வைத்துத் தேநீராகப் பருகுவதும் உண்டு. இலங்கையில் இது 'ரணவரா' என்ற பெயரில் பிரபலம்.

சர்க்கரை நோய்க்கு மாற்று மருந்தா?

சிக்கல் எழுவது இங்கேதான். ஆவாரம்பூச் சாறு எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாக ஆய்வுகள் வெளியாகியுள்ளன. அதை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுத் தேநீரை மட்டும் பருகுவது ஆபத்தானது. எலியில் கிடைத்த முடிவு மனிதருக்கான அளவையோ பாதுகாப்பையோ உறுதி செய்வதில்லை. சித்த மருத்துவத்தின் 'ஆவாரைக் குடிநீர்' கூடப் பல மூலிகைகள் சேர்ந்த மருந்தே தவிர, வெறும் பூத் தேநீர் அன்று.

மாத்திரையுடன் சேர்த்துப் பருகினால் சர்க்கரை அளவு தேவைக்கு மேல் தாழவும் வாய்ப்புண்டு. வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெபைன் மருந்துடன் இத்தேநீரை எலிகளுக்குக் கொடுத்தபோது, இரத்தத்தில் அம்மருந்தின் அளவு உயர்ந்ததாக 2004-இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவிக்கிறது. எனவே, தொடர்ந்து மருந்து உட்கொள்வோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே பருகுவது நல்லது.

அடையாளம் காண்பது எப்படி?

நகரில் செடியிலிருந்து நேரடியாகப் பறிப்போர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். வீட்டுத் தோட்டங்களில் காணப்படும் மஞ்சள் அரளி கடும் நச்சுத் தன்மை கொண்டது. அதன் பூ புனல் வடிவில் குவிந்தும், இலை நீண்டு ஒடுங்கியும் இருக்கும். ஆவாரைக்கோ ஐந்து இதழ்களும் தனித்தனியே விரிந்திருக்கும்; சிற்றிலைகள் இணையிணையாக அமைந்திருக்கும்; காய் தட்டையாகத் தொங்கும். இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற சிறு இலையடிச் செதில்கள் இருப்பது இதற்கே உரிய அடையாளம். 'ஆரிகுலேட்டா' என்ற அறிவியல் பெயர் வந்ததும் இந்தக் காது வடிவத்தால்தான்.