தொதல்: ஓர் இனிப்பின் கடற்பயணம்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரைக் கடைகளில் ‘தொதல்’ என்றோர் இனிப்பு கிடைக்கும். பெயராலும் பக்குவத்தாலும் அது மலாய் மக்களின் ‘டோடோல்’ ஆகும். இலங்கையோடும் தென்கிழக்காசியத் துறைமுகங்களோடும் தமிழ் முஸ்லிம்கள் நடத்திய கடல் வாணிகத்தின் சுவைமிகு எச்சம் அது.

அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி ஆகியவற்றை அகன்ற பாத்திரத்திலிட்டு, மணிக்கணக்கில் கைவிடாது கிளறுவர். எண்ணெய் பிரிந்து, பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டு வருவதே பதம். நீர் வற்றி இனிப்புச் செறிவதால் அது சில நாள்கள் கெடாதிருக்கும். மலாய் நாட்டார் பெரும்பாலும் தென்னை வெல்லம் சேர்ப்பர். கீழக்கரையாரோ பனங்கருப்பட்டியைச் சேர்த்து அதனைத் தமதாக்கிக்கொண்டனர்.

பண்டம் அங்கிருந்து வந்தது. அது விற்கப்படும் இடத்தின் பெயரோ இங்கிருந்து சென்றது. மலாய் மொழியின் ‘கெடாய்’ நம் ‘கடை’யே, ‘காப்பால்’ நம் ‘கப்பலே’. கடல் காணாக் கொங்கு நாட்டு மாணவரும் தொதலைச் சுவைக்குங்கால், வாணிகம் பொருளோடு சொல்லையும் சுமந்து சென்ற வரலாற்றை உணரலாம்.