எஃபெட்ராவும் அமெரிக்கச் சட்டமும்

மருந்தென்றால், விற்பனைக்கு வருமுன்பே அதன் குணத்தையும் தோஷத்தையும் தயாரிப்பாளரே பரீட்சித்து நிரூபிக்க வேண்டுமென்று நிர்ப்பந்திக்கும் அமெரிக்கச் சர்க்கார், மாத்திரை உருவிலேயே விற்கப்படும் சத்துப் பொருள்களை மட்டும், 1994ஆம் ஆண்டு அக்டோபரில் ஜனாதிபதி கிளின்டன் கையொப்பமிட்ட சட்டத்தின் மூலம், உணவின் வர்க்கத்தில் சேர்த்துவிட்டது. விளைவு விசித்திரமானது: சரக்கு முதலில் கடைக்கு வந்துவிடும், அது அபாயகரமானதென்று ருசுப்படுத்தும் பாரம் பிற்பாடு உணவு மருந்து நிர்வாகத்தின் தலையில் விழும். உடலுக்கு இன்ன நன்மை செய்யுமென்று பெரிய எழுத்தில் பறைசாற்றும் சீசாவிலேயே, இது எந்த நோயையும் குணப்படுத்துவதற்கானதன்று என்ற வாசகமும் பொடி எழுத்தில் இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

உடல் இளைப்பதற்கென்று விற்கப்பட்ட எஃபெட்ரா என்னும் மூலிகைச் சரக்கு இருதயத்தைத் தாக்குவதாகப் பல ஆண்டுகளாகப் புகார்கள் குவிந்திருந்தும், 2003 பிப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயதுப் பேஸ்பால் ஆட்டக்காரர், அதை உட்கொண்டிருந்த நிலையில், உடற்பயிற்சியின்போது வெப்பத் தாக்கினால் சாய்ந்து மாண்ட பிறகே காரியம் துரிதப்பட்டது. 2004 ஏப்ரலில் தடை அமலுக்கு வந்தது. மறு ஆண்டே யூட்டாவிலிருந்த ஒரு நீதிமன்றம் அதைக் குலைக்க, 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது. கடுமையான பக்கவிளைவுகளைக் கம்பெனிகள் சர்க்காருக்கு அவசியம் தெரிவிக்க வேண்டுமென்ற சட்டமும் அந்த ஆண்டுதான் பிறந்தது. பன்னிரண்டு வருஷத் தாமதம்!

புதிய மூலப்பொருளாயின் 75 நாள் முன்னதாக அறிவித்தல் வேண்டும். அனுமதி பெற வேண்டுமென்ற நிபந்தனையோ அங்கு இன்றும் இல்லை.