அதிர்வலையும் குதிகால் நாணும்

"ஷாக் வேவ் சிகிச்சை" என்று மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், நம் வீட்டுப் பாட்டிமார் முதலில் கேட்பது, "காலுக்குக் கரண்ட் வைக்கப் போறாங்களா?" என்பதுதான். பெயரைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இச்சிகிச்சையில் நோயாளியின் உடலுக்குள் மின்சாரம் பாய்வதே இல்லை. பாய்வது ஓர் அழுத்த அலை. ஒலிக்கு மிக நெருங்கிய சொந்தம் என்று சொல்லலாம். தீபாவளியன்று தெருவில் அணுகுண்டு வெடித்தால் நம் வீட்டு ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அதிர்கிறதல்லவா? கண்ணாடியை யாரும் தொடவில்லை. வெடித்த இடத்திலிருந்து காற்றின் வழியே ஓடி வந்த அழுத்தமே அதை ஆட்டியது. அத்தகைய அலையை அளவோடு உண்டாக்கி, மாதக்கணக்கில் தீராத தசைநாண் வலிக்கு மருந்தாகப் பயன்படுத்துகின்றனர். அதைப் பற்றி இங்கே காண்போம்.

இதன் கதை ஒரு விமானத் தொழிற்சாலையில் தொடங்குகிறது! ஜெர்மனி நாட்டின் டோர்னியர் நிறுவனத்தார், ஒலியை விஞ்சும் வேகத்தில் பறக்கும் விமானத்தின்மேல் மழைத்துளி மோதினால் என்ன நேரும் என்று ஆராய்ந்து வந்தனர். சின்னஞ்சிறு துளி மோதும்போது எழும் அதிர்வலை, உலோகத்திற்குள் ஊடுருவிச் சென்று உள்ளேயும் சேதம் விளைவிப்பதைக் கண்டனர். மேற்பரப்பைக் கிழிக்காமல் உள்ளே சென்று வேலை செய்யும் அலையைக் கொண்டு, வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீரகக் கல்லை உடைத்தால் என்ன? மியூனிக் நகரில் கிறிஸ்டியன் ஷௌஸி என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1980ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அதைச் செய்து காட்டினர்.

அந்நாளைய இயந்திரத்தில் நோயாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கித்தான் சிகிச்சை அளித்தனர். தண்ணீர் எதற்கு? நம் உடலின் பெரும்பகுதி தண்ணீரே ஆதலால், தண்ணீரிலிருந்து உடலுக்குள் அலை எளிதாக நுழைந்துவிடும். நடுவே காற்று இருந்தாலோ, பந்து சுவரில் பட்டதுபோல் பெரும்பாலும் திரும்பிவிடும். இப்போது தொட்டி தேவையில்லை. தோலின்மேல் ஜெல் தடவுகிறார்கள். அது குளிர்ச்சிக்காகத் தடவுவது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கருவிக்கும் தோலுக்கும் இடையிலுள்ள காற்றை விலக்குவதே அதன் வேலை.

கல்லை உடைக்கும்போது பக்கத்திலுள்ள எலும்புக்குக் கேடு வருமோ என்று விலங்குகளில் சோதித்தார்கள். எலும்பில் புதிய வளர்ச்சி தூண்டப்படுவதைக் கண்டு வியந்தார்கள். 1991ஆம் ஆண்டு பல்கேரிய மருத்துவர் இருவர், ஒட்டாத எலும்பு முறிவுகளுக்கு அதிர்வலை கொடுத்ததைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். அங்கிருந்து தோள், முழங்கை, குதிகால் என்று தசைநாண்களுக்கு இம்முறை வந்து சேர்ந்தது.

தசைநாண் என்பது தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு. தேங்காய் நார்க் கயிற்றைப் பிரித்துப் பார்த்தால் நார்கள் ஒரே பக்கமாக முறுக்கி நிற்பதைக் காணலாம். அதைப் போலவே தசைநாணிலும் கொல்லாஜன் என்னும் புரத இழைகள் வரிசையாக நிற்கின்றன. கெண்டைக்கால் தசையிலிருந்து குதிகால் எலும்புக்கு இறங்கும் நாண்தான் உடலிலேயே தடித்தது. கிரேக்க வீரன் அக்கிலீஸின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அவனுடைய தாய் அவனைக் குதிகாலில் பிடித்துக்கொண்டு ஆற்றில் முக்கினாளாம். கை பட்ட இடம் மட்டும் நனையாமல் போயிற்றாம். (முக்கியெடுத்த பின்பு மற்ற காலைப் பிடித்து மறுபடியும் ஒரு முறை முக்கியிருக்கலாமே என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். எவரிடமும் பதில் இல்லை.)

நாண் வலி புதிதாக வந்தபோது ஓய்வும் வலி மாத்திரையும் உதவலாம். ஆனால் மூன்று மாதம், ஆறு மாதம் என்று நீண்டுவிட்ட வலி வேறு வகை. அந்த நாணை நுண்ணோக்கியில் பார்த்தால் வீக்கத்திற்குரிய அணுக்கள் அதிகம் இருப்பதில்லை. இழைகள் வரிசை குலைந்து, நைந்த கயிறுபோல் கிடக்கின்றன. எனவேதான் வீக்கம் வற்றச் செய்யும் மாத்திரைகளை விழுங்கிக்கொண்டே இருந்தாலும் காலையில் எழுந்து வைக்கும் முதல் அடி வலித்துக்கொண்டே இருக்கிறது.

பிசியோதெரபி நிலையங்களில் பெரும்பாலும் காணப்படும் கருவியை எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டர் அவர்கள் கேரம் பலகையை வைத்து விளக்கினார்கள். காய்களை ஒன்றையொன்று தொடும்படி வரிசையாக வைத்து, ஸ்டிரைக்கரால் முதல் காயை அடித்தால் கடைசிக் காய்தான் துள்ளி ஓடும். அடி காய்க்குக் காய் கைமாறிச் செல்கிறது. கருவியின் கைப்பிடிக்குள்ளும் அழுத்தப்பட்ட காற்று ஒரு சிறு உலோகத் துண்டைத் தள்ளுகிறது. அது நுனியிலுள்ள தலைப்பகுதியில் 'டக்'கென்று மோதுகிறது. அந்த அடி ஜெல் வழியாக உடலுக்குள் பரவுகிறது. சிறுநீரகக் கல்லை உடைப்பது போன்று ஒரே புள்ளியில் குவியும் அலையை உண்டாக்கும் கருவிகளும் உண்டு. அவை விலை மிக்கவை, ஆழமாகச் செல்பவை.

ஒரு தடவைக்கு ஏறத்தாழ 2000 அடிகள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். வாரத்திற்கு ஒன்றாக மூன்று முதல் ஐந்து தடவை கொடுப்பது வழக்கம். வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், வலிக்கும்! தோல் சிவக்கலாம், கன்றிப் போகலாம், ஓரிரு நாளில் சரியாகிவிடும். அந்த அடிகளை உணர்ந்த செல்கள் பழுது பார்க்கும் வேலையைத் தொடங்குகின்றன என்பது ஒரு விளக்கம். 2003இல் தைவான் ஆய்வாளர்கள், அதிர்வலை கொடுத்த முயல்களின் குதிகால் நாண் எலும்போடு சேருமிடத்தில் புதிய நுண் இரத்தக் குழாய்கள் தோன்றியதை வெளியிட்டனர். மனிதரில் நடப்பதும் அதுதானா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

சரி, வலி தீருமா? நாங்கள் இதைத் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் தோழி ஒருத்தியின் அம்மா ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் பணி செய்கிறார்கள். கடைப் பணியாளர்க்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. அவர்கள் கடையிலும் ஸ்டூல் இருக்கிறது. ஆனால் ஆடி மாதத்தில் அதில் உட்கார யாருக்கு நேரம் கிடைக்கும்? பத்து மாதமாகக் குதிகாலுக்குச் சற்று மேலே வலி. "ஒரே தடவையில் பூரண குணம்" என்று எழுதிய நோட்டீஸ் ஒன்று அவர்கள் கைக்குக் கிடைத்தது. கேட்ட தொகையோ அவர்களுடைய பல நாள் சம்பளம். கம்மலை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடந்தது.

ஆராய்ச்சிகள் சொல்வதைப் பார்ப்போம். 2002இல் ஆஸ்திரேலியாவில் உள்ளங்கால் வலியுள்ள 166 பேரை இரு குழுவாக்கி, ஒரு குழுவிற்கு உண்மையான அதிர்வலையும் மற்றதற்குப் பெயரளவிலான சிகிச்சையும் கொடுத்தார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து இரு குழுவினருமே முன்னேறியிருந்தார்கள், வேறுபாடு இல்லை! 2020இல் தோள் வலியைப் பற்றிய 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் பெரிய நன்மை எதையும் காணவில்லை. குதிகால் நாணில் கதை சற்று வேறு. ஜெர்மனியில் 2009இல் வெளியான ஆய்வில் 68 நோயாளிகள் இருந்தனர். பாதிப் பேர் குதிகாலை இறக்கும் பயிற்சியை மட்டும் செய்தனர். மீதிப் பேர் பயிற்சியோடு அதிர்வலையும் பெற்றனர். நான்கு மாதம் கழித்து முதல் குழுவில் 56 சதவீதத்தினரும், இரண்டாம் குழுவில் 82 சதவீதத்தினரும் நன்கு தேறியிருந்தனர். நம் கண்ணில் பட வேண்டியது, இரு குழுவிலும் பயிற்சி இருந்தது என்பதே. நோட்டீஸில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதும் எங்கள் கண்ணில் பட்டது.

இந்தப் பயிற்சியைப் பரவச் செய்தவர் ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஹாகன் ஆல்ஃபிரட்ஸன். படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, நல்ல காலால் எழும்பி, வலிக்கும் காலால் மெல்ல, மிக மெல்லக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி மும்முறை பதினைந்து, மடக்கி மும்முறை பதினைந்து, காலையும் மாலையும். கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 180! பன்னிரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். 1998இல் அவர் வெளியிட்ட ஆய்வில் இவ்வாறு செய்த 15 பேரும் மீண்டும் ஓடத் தொடங்கினர். நைந்த நாணுக்கு ஓய்வு கொடுப்பதற்குப் பதிலாகப் பாரம் கொடுப்பது முதலில் விந்தையாகத் தோன்றும். ஆனால் பாரத்தை உணர்ந்தால்தான் அந்த இழைகள் வலுப்பெறுகின்றன.

தோழியின் அம்மாவிடமும் அரசு மருத்துவமனை மருத்துவர், "முதல்ல மூணு மாசம் இதைச் செய்யுங்கம்மா. குறையலேன்னா அப்புறம் மெஷினைப் பத்திப் பேசுவோம்" என்று சொல்லி அனுப்பினார். கம்மல் காதிலேயே இருக்கிறது. இப்போது ஒன்பதாவது வாரம். வலி முழுவதும் போய்விடவில்லை; ஆனால் பேருந்துப் படியில் ஏறும்போது கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுவதில்லை என்று தோழி சொல்கிறாள். மாலையில் வாசற்படியில் அவர்கள் எண்ணும்போது தம்பியும் சேர்ந்து எண்ணுகிறானாம். இடையில் எண்ணிக்கையைக் குறைத்தால் விடமாட்டானாம்!

அதிர்வலையைக் கர்ப்பிணிகளின் வயிற்றுப் பகுதியிலோ, நுரையீரலுக்கு நேராகவோ, புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்திலோ கொடுக்கக் கூடாது. இரத்தம் உறையாத நோயுள்ளவர்களுக்கும் ஆகாது. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டின்மேலும் வைப்பதில்லை. இந்தக் கடைசிச் செய்தி நம் பள்ளியின் இளைய தங்கையருக்காக. ஓடியாடும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு வரும் குதிகால் வலி பல வேளைகளில் அந்த வளர்ச்சித் தட்டிலிருந்தே வருகிறது. கோகோ ஆடிவிட்டு நொண்டிக்கொண்டு வகுப்பிற்கு வருபவர்கள் அதை மறைக்காமல் விளையாட்டு ஆசிரியையிடம் சொல்லுங்கள். சில வாரங்கள் ஆட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அது தானே ஆறிவிடும். அதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம்.