தங்கம் நின்றபின் தங்கவயல்

சுரங்கத்தால் வாழ்ந்த ஊர்கள் சில, வெட்டியெடுக்க ஒன்றும் இல்லாமற்போன பிறகு, காட்சி காணும் ஊர்களாக மாறிவிடுகின்றன. மேனாடுகளில் இத்தகைய மலையோரப் பட்டினங்கள் பல உண்டு. நம் நாட்டில் அந்த வழியில் அடியெடுத்து வைத்திருக்கும் ஊர் கோலார் தங்கவயல். 2018-ஆம் ஆண்டில் அவ்வூரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட கன்னடத் திரைப்படம் ஒன்று வெளிவந்து நாடெங்கும் ஓடியது; 2022-இல் அதன் இரண்டாம் பாகமும் வந்தது. அதுமுதல் விடுமுறை நாட்களில் வெளியூர் இளைஞர்கள் வண்டிகளில் வந்திறங்கி, 'படத்தில் வரும் மலை எங்கே?' என்று வினவுகின்றனர்.

நம் சங்கத்து அன்பர் குடும்பங்கள் சிலவற்றுடன் நாமும் அண்மையில் அங்குச் சென்று வந்தோம். காணத்தக்கது அந்த மலை மட்டும் அன்று என்பதை எடுத்துரைக்கவே இதனை எழுதுகிறோம்.

மனிதர் குவித்த மலைகள்

பங்காருப்பேட்டைச் சந்திப்பிலிருந்து மாரிகுப்பம் வரை 16 கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப்பாதை ஒன்று செல்கிறது. சுரங்கத்தின் பொருட்டு 1894-ஆம் ஆண்டில் போடப்பட்ட பாதை அது. கோரமண்டல், உரிகாம், சாம்பியன் என்னும் நிலையப் பெயர்களே சுரங்க வரலாற்றைச் சொல்லும். வண்டி ஊரை நெருங்கும்போது சாம்பல் நிறமான பெரு மேடுகள் கண்ணிற்படுகின்றன. மரம் இல்லை; புல்லும் அரிது; மழைநீர் அரித்த வாய்க்கால்களே உச்சி முதல் அடி வரை ஓடுகின்றன. ஊரார் இவற்றைச் 'சைனைடு மலை' என்பர்.

இவை இயற்கை படைத்த மலைகள் அல்ல. பூமியின் அடியிலிருந்து கொணர்ந்த கல்லை மாவாக அரைத்து, சைனைடு கலந்த நீரில் தங்கத்தைக் கரைத்துப் பிரித்த பின், எஞ்சிய சேற்றை வெளியே கொட்டினார்கள். நூறாண்டுகளுக்கு மேல் அவ்வாறு கொட்டியது மூன்று கோடி டன்னுக்கும் அதிகம். கிடைத்த தங்கமோ ஏறத்தாழ 800 டன். தொடக்க ஆண்டுகளில் ஒரு டன் கல்லுக்கு நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. இறுதிக் காலத்தில் ஐந்து கிராமும் தேறவில்லை. அதாவது, எட்டுக் கிராம் எடையுள்ள ஒரு சவரனுக்காக ஒன்றரை டன்னுக்கு மேல் பாறையை உடைத்து மேலே தூக்க வேண்டியதாயிற்று. நம் வீட்டுப் பெண்கள் நகையை நிறுத்துப் பார்க்கும்போது இக்கணக்கையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

பூமிக்கு அடியில்

1880-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு வந்தனர். அவர்கள் வந்த பிறகே சுரங்கம் பெருந்தொழிலாயிற்று. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து, நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள இவ்வூருக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905-இல்தான். காவிரியின் ஒளி முதலில் சென்றது தங்கத்தைத் தேடித்தான்.

சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அத்தனை ஆழத்தில் பாறையின் வெப்பம் அறுபது பாகைக்கு மேல். மேலிருந்து குளிர்ந்த காற்றைச் செலுத்தாமல் அங்கு மனிதர் நிற்கவும் இயலாது. மேலேயுள்ள பாறையின் பளுவினால் சுவர்கள் திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு. அந்த வெடிப்புகளில் மாண்டவர் பலர். கல் தூசியை ஆண்டாண்டாகச் சுவாசித்து, நுரையீரல் கெட்டு, வீட்டுத் திண்ணையில் மெல்ல மாண்டவரும் பலர்.

கீழே வேலை பார்த்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் எம்முடன் நெடுநேரம் பேசினார். "ஷிப்டு முடிஞ்சு சங்கு ஊதினா வீட்டுல அடுப்பு மூட்டுவாங்க, தம்பி. வேளை கெட்ட வேளையில ஊதினா, பொம்பளைங்க எல்லாம் சுரங்க வாசலுக்கு ஓடியாருவாங்க. யார் வீட்டு ஆளுன்னு தெரியறவரைக்கும் யாரும் அழமாட்டாங்க" என்றார். உடன் வந்த பிள்ளைகள் வாய் பேசாது கேட்டுக்கொண்டிருந்தனர்.

அதே ஆழத்தை 1965-இல் அறிவியலாரும் பயன்படுத்தினர். விண்ணிலிருந்து வரும் மற்றத் துகள்கள் எட்டாத அந்த இருளில், நியூட்ரினோ என்னும் நுண்துகளின் விளைவை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் வெளிநாட்டாரும் கூடிக் கண்டறிந்தனர்.

நமக்கு முன்னே வந்தவர்கள்

இச்சுரங்கத்தில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நிலமின்றிப் பிழைப்புத் தேடி வந்த தாழ்த்தப்பட்ட குலத்து மக்களே அவர்களிற் பலர். கம்பெனி அவர்களுக்குத் தந்தது மூங்கில் தட்டியால் அமைந்த சிறு குடிசை. துரைமார்களுக்கோ தோட்டத்துடன் பங்களாவும், கிளப்பும், கோல்ப் மைதானமும் இருந்தன. இன்று பயணிகள் விரும்பிப் படம் எடுப்பது அந்தப் பங்களாக்களையே!

ஆனால் தட்டிக் குடிசைக்காரர்கள் கூலியோடு நின்றுவிடவில்லை. அயோத்திதாச பண்டிதரின் பௌத்த இயக்கம் இங்கே வேரூன்றியது. அவர் நடத்திய 'தமிழன்' இதழை 1926-இல் ஜி. அப்பாதுரையார் இவ்வூரிலிருந்து மீண்டும் தொடங்கினார். 1930-இலும் 1946-இலும் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1946-இல் போலீசார் சுட்டுத் தொழிலாளர் உயிரிழந்தனர். டாக்டர் அம்பேத்கர் 1954-இல் இங்கு வருகை தந்தார். படிப்பகமும், பள்ளியும், சங்கமும் இம்மக்கள் பகல் முழுவதும் உழைத்து, இரவில் கூடி அமைத்தவை. நாம் வெளிமாநிலத்தில் சங்கம் வைத்து மாத இதழ் நடத்துவதை ஏதோ புதுமை என எண்ணுகிறோமே, நமக்கு நெடுங்காலம் முன்னரே இவர்கள் அதனைச் செய்து காட்டிவிட்டனர்.

காலை வண்டி

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றுக்கொண்டது. பின்னர் அவை மத்திய அரசிடம் சென்றன. 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் பெயரில் நடந்தன. தங்கம் குறைந்தது, செலவு மிகுந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளோடு வேலை நின்றது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தனர். கூண்டை இறக்கி ஏற்றிய இரும்புக் கோபுரங்களின் சக்கரங்கள் அன்று முதல் சுழலவில்லை.

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நமக்கு, ஒரு கிளைப்பாதையின் போக்கைக் கண்டால் அவ்வூரின் போக்கும் ஓரளவு புலப்படும். மாரிகுப்பம் பாதை ஊருக்குள் ஆட்களையும் பொறிகளையும் கொணர்வதற்காகப் போடப்பட்டது. இன்றோ விடியுமுன் ஆயிரக்கணக்கானோரைப் பெங்களூருக்கு ஏற்றிச் சென்று, இரவில் கொண்டுவந்து இறக்குகிறது. சுரங்கத் தொழிலாளியின் பேரன் இப்போது தொழிற்சாலையிலோ, கடையிலோ, கணினி அலுவலகத்திலோ வேலை பார்க்கிறான். நாளில் பல மணி நேரம் வண்டியிலேயே கழிகிறது. இருப்பினும் அவன் ஊரை விடவில்லை.

செல்வோர் கவனத்திற்கு

விடுமுறை நாளில் குடும்பத்தோடு சென்று வரலாம். அருகே கம்மசந்திரத்தில் கோடிலிங்கேசுவரர் கோயில் உண்டு. சாம்பியன் ரீப்பில் பழமையான மாதா கோவிலும் உண்டு. சைனைடு மேடுகளின்மேல் ஏற வேண்டா. காற்று எழும்போது அத்தூள் கண்ணிலும் மூச்சிலும் புகும், குழந்தைகளுக்குக் கேடு. பழைய சுரங்க வாய்களை அணுகவே கூடாது. அனுமதியின்றிச் சுரங்க வளாகத்தினுள் நுழைதலும் தகாது. மக்கள் வாழும் லைன் வீடுகளின் வாசலில் நின்று, கேளாமற் படம் எடுப்பதும் முறையன்று. ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் உண்டு, அவ்வூரார் கடையிலேயே பொருள் வாங்குங்கள். முதியவர் எவரையேனும் கண்டால், அமர்ந்து பேசச் சொல்லிக் கேளுங்கள்.

அம்மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை எடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. அது நிறைவேறினால், இளைஞர் தேடி வரும் அந்த மலைகளே இல்லாமற் போகலாம். சுரங்கத்தில் இறங்கிய தலைமுறையும் ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. வேலையை நம்பி வந்த ஊரில் அவ்வேலையே நின்றுவிட்டால் எங்ஙனம் வாழ்வது என்னும் கேள்வி, அயல் மாநிலத்தில் வாழும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தின் முன்னும் என்றேனும் வந்து நிற்கக் கூடியதே. அதற்கு வாழ்ந்தே விடை கூறுபவர்கள் தங்கவயலில் இருக்கிறார்கள். காலம் தாழ்த்தாது சென்று, அவர்களைக் கண்டு வாருங்கள்.